இரண்டு வட்டங்களும் ஒரு கெமிக்கல் கம்பெனியும்

விளம்பரத்தில் வரும் 'முன்', 'பின்' படங்களை நம்புகிறவர்களை நான் கேலி செய்வதே இல்லை. கல்யாணம் நிச்சயமாகி, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, டி.வி.யில் வருகிற எல்லாமே விஞ்ஞானம்தான். இத்தனைக்கும் நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை. யார் எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நான், மார்பைப் பெரிதாக்கும் காற்றிழுக்கும் பம்பு ஒன்றை வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன்.

அதற்குக் காரணம் கோமதி அண்ணி. (இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.) மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் திருவள்ளூரில் இருந்தார்கள். கூரைப்புடவையும் அதற்கு ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால், அளவு ஜாக்கெட் வாங்கிப் போக வந்திருந்தார். எங்கள் கூடம் நிறையப் பெண்கள். நான் நீட்டிய ஜாக்கெட்டை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா விஜி, அளவு ஜாக்கெட் கேட்டா கர்சீப்ப குடுக்கற?"

கூடமே சிரித்தது. என் அம்மாவும் சிரித்தார், அதுதான் வலித்தது. அண்ணி அதோடு விட்டாரா? "பரவால்ல, கல்யாணம் ஆனா சதை போட்டுடும். டெய்லர்கிட்ட கொஞ்சம் தாராளமாவே தைக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாராளமாகத் தைக்கப்படும் அந்த ஜாக்கெட்டுக்குள் என்னை எப்படி நிரப்புவது என்ற ஒரே கவலை அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

டி.வி.யில் பார்த்த நம்பருக்குப் போன் செய்தேன். பார்சல் வீட்டுக்கு வந்தால் நைனா பிரித்துவிடுவார். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனா யார் பெயருக்கு எது வந்தாலும் பிரிப்பார்.) அதனால் புதுவாயல் கூட்டு ரோட்டில் இருந்த ஜெராக்ஸ் கடை முகவரியைக் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, ரப்பர் பந்து மாரி இருக்குது உள்ள?"

"நைனாவுக்கு பிரஷர் பாக்கற மெஷின்ணா."

"அடப்பாவமே. உப்பைக் குறைச்சிக்கச் சொல்லுமா."

உள்ளே இரண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணங்கள், அவற்றின் முனையில் மாட்ட ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் அழுத்துவதற்கு ரப்பர் பந்து. கூடவே எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு தாள். நான் படிக்கவில்லை. லேபில் புதிதாக ஒரு மெஷின் வந்து, யாராவது அதன் குறிப்பைப் படிக்காமல் தொட்டால் கத்துகிற முதல் ஆள் நான்தான். ஆனால் இது என்ன, காற்றை இழுக்கிற சமாசாரம்தானே? தினமும் லேபில் பம்பு போட்டு வடிகட்டுகிறவளுக்கு இது ஒரு மெஷினா என்ற திமிர்.

அம்மாவும் நைனாவும் ஆரம்பாக்கம் பக்கம் பத்திரிகை வைக்கப் போன ஒரு மதியம், காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகூர்த்தம் குறித்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மெதுவாக, நாள்தோறும் கொஞ்சம் என்றெல்லாம் செய்ய நேரம் ஏது? லேப் மூளை ஒரே கணக்குத்தான் போட்டது. எவ்வளவு இழுவையோ அவ்வளவு பலன். கதவைத் தாழிட்டு, கிண்ணங்களைப் பொருத்தி, பந்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் இறுக்கமாக. அப்புறம் வலித்தது. வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு அழுத்து அழுத்தினேன். மேலே நைட்டியைப் போட்டுக்கொண்டு, சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். சீரியலில் ஒரு மாமியார் மருமகளை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தாள். நான் அசையாமல் பார்த்தேன். (அசைந்தால் இழுத்தது.)

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"விஜி! நான்தான், கோமதி. ஜாக்கெட் ரெடியாயிட்ச்சி, போட்டுப் பாத்துடலாம்னு வந்தேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைவிட உறுதியாகக் கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பந்தைப் பிடுங்கினேன், குழாயைப் பிடுங்கினேன், குழாய் கையோடு வந்தது. கிண்ணம் வரவில்லை. குழாய் மாட்டும் இடத்தில் காற்று திரும்பாமல் இருக்க ஒரு சின்ன அடைப்பு வைத்திருந்தார்கள். அதை ஒரு விரலால் அழுத்தியிருந்தால் போதும் என்பது அந்தத் தாளில் எழுதியிருந்தது. தாள் அரிசி டின்னில் இருந்தது.

"விஜி? தூங்கினுகிறியா? வெயில்ல நிக்க முடியலம்மா!"

"வந்துட்டேன் அண்ணி! குளிச்சிகினு இருக்கேன்!"

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிறவள் குரல் கூடத்திலிருந்து வந்தது. எதையும் யோசிக்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பு. தெருவில் சைக்கிள் டியூப் வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்ததும் அப்படியே. கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அள்ளி அரிசிக்குள் புதைத்துவிட்டு, தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அண்ணி ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்பவே போடு, தைக்க வேண்டியது இருந்தா டெய்லர் கடை மூடறதுக்குள்ள ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே என்னை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் திரும்பி நின்று ஜாக்கெட்டை மாட்டினேன். கொக்கி போட அவரே என்னைத் திருப்பினார். அப்புறம் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

ஜாக்கெட்டின் கழுத்துக்கு மேலே, இரண்டு பக்கமும், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இரண்டு வட்டங்களின் மேல்பாதி. செக்கச் செவேலென்று, ஓரத்தில் நீலம் பாய்ந்து, உள்ளே பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

அண்ணி இரண்டடி பின்னால் போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யோ ஆத்தா! தாயே! அம்மை வந்திருக்குது!"

அந்த நேரம் பார்த்து அம்மாவும் நைனாவும் வந்து இறங்கினார்கள். அம்மா எட்டிப் பார்த்தார், அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிக்கவே கூடாது என்று எண்ணெய்ச் சட்டி பரணேறியது. என்னைப் பாயில் உட்காரவைத்து, யாரும் கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு. நைனா வாசலில் நின்று, தெருவில் போனவர்களை எல்லாம் அந்தப் பக்கமாகவே போகச் சொன்னார்.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. அண்ணி வாசலுக்கு வெளியே நின்று திருவள்ளூருக்குப் போன் செய்தார். என் காதில் விழுந்தது.

"அம்மா, பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குதும்மா... ஆமா, பெருசு பெருசா... எப்டி தாலி கட்டறது? வைகாசி போச்சின்னா ஆனில நாள் இல்ல, அப்பால ஆடி வந்துடும். ஆவணிக்குத்தான் பாக்கணும்... இன்னா சகுனமோ, பெரியவங்க இன்னா சொல்றாங்களோ கேளு."

பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தாலிக்கு முன்னாலேயே தடங்கல் என்பார்கள். ஆவணி என்பார்கள், அப்புறம் தை என்பார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மிஸ்டு கால் கொடுத்துக் கொடுத்தே என்னோடு பேசிப் பழகியிருந்த அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்காக இழக்கப்போகிறேன் என்று நினைத்ததும் வாயிலிருந்து அதுவாகவே வந்தது.

"அம்மை இல்ல நைனா! கெமிக்கல்! கம்பெனில மேல தெறிச்சிட்ச்சி!"

அண்ணி போனில், "இரும்மா, கெமிக்கலாம்" என்றார். அம்மா வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மனுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். ஒரு நொடி நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நைனா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

நைனாவுக்கும் தொழிற்பேட்டைக்கும் பழைய பகை. எங்கள் நிலத்துக் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறியதிலிருந்தே அவர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். இப்போது நானே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறேன். இந்நேரத்துக்கு ஆபீஸ் மூடியிருக்கும் என்று அம்மா பிடித்து நிறுத்தினார். விடிந்ததும் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் என்னை மொபெட்டில் ஏற்றினார். வழி முழுக்க நான், "வேணாம் நைனா, சின்னதுதான், தானா போயிடும்" என்று கெஞ்சிக்கொண்டே போனேன். அவர் திரும்பிப் பார்க்காமல், "நீ கம்முனு வா பாப்பா" என்றார். குரல் நடுங்கியது. அவருக்குக் கோபமில்லை, பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரவே இல்லை. எந்த மகள் எந்த அப்பாவிடம், மொபெட்டில் போகும்போது, அந்தப் பம்பைப் பற்றிச் சொல்வாள்?

கம்பெனி வாசலில் அவர் போட்ட சத்தத்தில் ஷிஃப்ட் மாறுகிற கூட்டம் நின்றுவிட்டது.

"கெணத்துத் தண்ணிய கெடுத்தீங்க, கம்முனு இருந்தோம். இப்ப எம்பொண்ணு மேல ஊத்தியிருக்கீங்க! வெள்ளிக்கிழமை தாலி கட்டற பொண்ணுய்யா!"

மேனேஜர் ஓடிவந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். லேபில் தெறித்தது என்றால் என்ன தெறித்தது, எந்தப் பீப்பாயிலிருந்து எடுத்த சாம்பிள், அந்தப் பீப்பாய் இப்போது எங்கே என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் மென்று விழுங்கினேன். மென்று விழுங்கியதை அவர் நரம்பு பாதிப்பு என்று எடுத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் பிளாண்டில் எப்போதும் கேட்கும் இரைச்சல் நின்றது. அந்த இரைச்சல் நின்று நான் கேட்டதே இல்லை. முகமூடி போட்ட இரண்டு பேர் என் மேஜையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். என் டிபன் பாக்ஸைக்கூட இடுக்கியால் தூக்கிப் போனார்கள்.

லேபிலும் பேக்கிங்கிலும் இருந்த பெண்கள் எல்லோரையும் மருத்துவ அறைக்கு வரச் சொன்னார்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் நூர்ஜஹான். பழவேற்காட்டுப் பெண், என் பக்கத்து மேஜை, ஏழு மாதக் கர்ப்பம். நான் உபயோகித்த கண்ணாடிச் சாமானையெல்லாம் அவள்தான் கழுவி வைப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"விஜி, ஒனக்கு மொதல்ல எரிஞ்சுதா, அரிச்சுதா? எனக்குக் காலைலேர்ந்து அரிக்கிற மாரியே இருக்குது."

"ஒனக்கு ஒண்ணும் இல்ல நூரு."

"ஒனக்கு எப்டித் தெரியும்? நேத்து நீ வச்ச பீக்கரத்தான கழுவினேன், கையில உறைகூட போடல. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல? சொல்லு விஜி, ஆவாதில்ல?"

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. அந்த நிமிடம் என் கல்யாணமும் போய்விட்டது, மானமும் போய்விட்டது. ஆவணியாவது தையாவது, எது வேண்டுமானாலும் ஆகட்டும். எழுந்தேன். வரிசையை மீறிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

வாரம் ஒரு முறை வருகிற டாக்டரம்மா, விஷயம் கேள்விப்பட்டு அவசரமாக வந்திருந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வட்டங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கையுறையைக் கழற்றினார்.

"கெமிக்கல் இவ்ளோ அழகா வட்டம் போடாதும்மா. என்ன வச்சே?"

சொன்னேன். டி.வி., ஜெராக்ஸ் கடை, பிரஷர் மெஷின், சீரியல், சைக்கிள் டியூப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வெளில நூரு அழுதுகினு இருக்கா டாக்டர், மொதல்ல அவகிட்ட ஒண்ணுமில்லனு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் உடனே கதவைத் திறந்து, "யாருக்கும் ஒண்ணும் இல்ல, இது கெமிக்கலே இல்ல. நூர்ஜஹான், கண்ணைத் துடைச்சுட்டுத் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். வந்து உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"லேப்ல அந்த ஈரம் எடுக்கற கண்ணாடி ஜாடி இருக்கே, அதுக்கு மூடி போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவே?"

"விளிம்புல கிரீஸ் தடவுவேன்."

"ஏன்?"

"தடவலன்னா ஒட்டிக்கும். அப்பால எடுக்க வராது..."

சொல்லும்போதே எனக்கு முகம் வேர்த்துவிட்டது. தினமும் காலையில் நான் செய்கிற முதல் வேலை அது. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன். கண்ணாடி ஜாடிக்குக் காட்டிய கருணையை என் தோலுக்குக் காட்டவில்லை.

"அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா. "விளிம்புல கொஞ்சம் எண்ணெய் தடவணும். லேசா இழுக்கணும், வலிச்சா நிறுத்தணும். கொஞ்ச நேரம் வச்சுட்டு, காத்தை விட்டு, விளிம்புல விரலைக் கொடுத்து எடுக்கணும். பிடுங்கக் கூடாது. நீ பண்ணினதுல தோலுக்குக் கீழ ரத்தம் கட்டியிருக்கு. பச்சைத் தண்ணி ஒத்தடம் கொடு, மாறிடும்."

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒழுங்கா பண்ணினா... பெருசாவுமா டாக்டர்?"

"வீங்கும். அப்புறம் வத்தும். வெள்ளிக்கிழமைக்குள்ள அதிசயமெல்லாம் நடக்காது."

நைனாவை உள்ளே கூப்பிட்டார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். டாக்டரம்மா, "இது கெமிக்கலும் இல்ல, அம்மையும் இல்ல. ரத்தக்கட்டு. கல்யாணத்தை நல்லபடியா நடத்துங்க" என்றார்.

"ரத்தக்கட்டா? எப்டிம்மா ஆச்சி?"

"அது பொம்பளைங்க விஷயம்யா."

எங்கள் பக்கத்து அப்பாக்களுக்கு இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. நைனா மின்விசிறியை ஒரு தடவை பார்த்தார், தரையை ஒரு தடவை பார்த்தார், "சரிங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கிணற்று விஷயம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்தார்.

நூரிடம் நானே உண்மையைச் சொன்னேன். அவள் என்னைப் பையால் மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளைப் பார்த்து, பிரசவ வலி என்று பேக்கிங் பெண்கள் ஆட்டோவுக்கு ஓடினார்கள். (கம்பெனி அன்றைக்கு இரண்டாவது தடவையும் அலறியது.)

அம்மை இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டதால் வைகாசியிலேயே கல்யாணம் நிச்சயித்தபடி நடந்தது. விடியற்காலையில் கூரைப்புடவை கட்டிவிட வந்தது கோமதி அண்ணிதான், நாத்தனார் முறை அது. வட்டங்கள் மங்கிப் பழுப்பாகியிருந்தன, சந்தனம் பூசினால் தெரியவில்லை. ஆனால் தாராளமாகத் தைத்த ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. நான் அழும் நிலையில் இருந்தேன். அண்ணி கதவைத் தாழிட்டார். தன் கைப்பையைத் திறந்து, மடித்த இரண்டு கர்சீப்புகளை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே வைத்து, கொக்கியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கச்சிதம்.

"இதுக்குப் போயி இன்னாத்த பண்ணிகினியோ" என்றார், என் கழுத்தடியைப் பார்த்துக்கொண்டே. "என் கல்யாணத்துக்கு நானும் இதான் வச்சேன். எவ கேட்டா?"

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தச் சாக்குச் சொன்னாலும், ட்ரெயின் லேட் என்றாலும், தலைவலி என்றாலும், "கெமிக்கலா?" என்று ஒரு கேள்வி வரும். நூரின் மகள் வளர்ந்து காலேஜுக்குப் போகிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆன்ட்டி, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஒங்களால செக்கப்புக்குப் போனவ" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கல்யாணக் கூத்தில் அரிசி டின்னை நான் மறந்துவிட்டேன். மறுவீட்டு விருந்துக்கு நாங்கள் போனபோது, அம்மா அடுப்படியில் அந்தக் கிண்ணங்களில் ஒன்றின் முனையைப் பாட்டில் வாயில் செருகி, நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அடைப்பையெல்லாம் ஊசியால் குத்தி எடுத்துவிட்டிருந்தார்.

"அத்தை, புனல் ரொம்ப நல்லா இருக்குதே, எங்க வாங்கினீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இவதான் மாப்ள கம்பெனிலேர்ந்து கொண்ணாந்திருக்கா. லேபு சாமான். ஒரு சொட்டு சிந்தாது. ரெண்டு இருக்குது, ஒண்ணு வேணுமா?"

இத்தனை வருடமாக எப்போது போனாலும் அவர் அதே கேள்வியைக் கேட்கிறார், அம்மாவும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்கிறார். நான் அடுப்படிப் பக்கம் போவதில்லை. அன்றைக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவ மறந்த அந்த விளிம்பில்தான் இப்போது லிட்டர் லிட்டராக வழிந்துகொண்டிருக்கிறது.